பாரிஸில் ரஷ்ய, பிரெஞ்சு ஆர்க்கெஸ்ட்ரா இசை கேட்கும் மாலை: முதல்முறை போகிறவர்களுக்கு

மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கச்சேரிக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்று ஆசை இருக்கும். 'நமக்கு அதெல்லாம் புரியுமா' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம். அப்படித் தயங்கி நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாரிஸில் வாழ்கிறவர்களுக்கும், சில நாள் பயணமாக வந்து ஒரு மாலையை இசைக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். முதல் கச்சேரிக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால், ரஷ்ய இசையும் பிரெஞ்சு இசையும் கலந்த ஒரு மாலையைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. பெரிய ஜெர்மானிய சிம்பனிகளில் நாலைந்து சுரம் கொண்ட ஒரு சிறு கருவை எடுத்து அரை மணி நேரம் வளர்த்துக்கொண்டு போவார்கள். அதைப் பின்தொடரக் காதுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ரஷ்யர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒலியின் நிறத்தை முன்னால் வைத்தார்கள். எந்த வாத்தியம், எந்த உயரத்தில், யாரோடு சேர்ந்து ஒலிக்கிறது என்பதிலேயே பாதி சுவை அடங்கியிருக்கும். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் மாறி மாறி வரும் திரையிசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தனியாகப் படித்துத் தயாராக வேண்டியது மிகக் குறைவு.

இரண்டும் ஒரே மேடைக்கு வருவது ஏன்

இந்தச் சேர்க்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட உறவு இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி மாணவராக இருந்த 1880ஆம் ஆண்டு, நதெழ்தா ஃபோன் மெக் என்ற ரஷ்யச் சீமாட்டியின் குடும்பத்துக்குப் பியானோ வாசிக்கும் கோடைக்கால வேலையில் சேர்ந்தார். அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களோடு ரஷ்யாவுக்கே போனார். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியோடு நேரில் பழகாமலே, கடிதம் வழியாகவே நட்பு வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பணம் அனுப்பி அவரைத் தாங்கியவரும் அதே அம்மையார்தான். 1889 உலகக் கண்காட்சிக்காக ஈஃபில் கோபுரம் எழுந்தபோது, ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த த்ரோக்கதேரோ அரண்மனையில் இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் ரஷ்ய இசைக்கென்றே இரண்டு கச்சேரிகள் நடத்தினார். 1891இல் பாரிஸ் வந்த சைக்கோவ்ஸ்கி, முஸ்தெல் என்பவர் கண்டுபிடித்த செலெஸ்டா என்ற, பியானோ போல் கட்டைகள் கொண்ட சிறு வாத்தியத்தைக் கேட்டு மயங்கிப்போனார். அதை ரகசியமாக ரஷ்யாவுக்கு வரவழைக்க வேண்டும், ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாஸுனோவும் முந்திவிடக் கூடாது என்று தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு 'நட்கிராக்கர்' பாலேயில் அந்த வாத்தியம் ஒலித்தது. இன்று அந்த பாலே என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செலெஸ்டாவின் அந்தக் கண்ணாடி ஒலிதான்.

அப்புறம் கலை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ரஷ்யரான தியாகிலெவ் வந்தார். 1907இல் பாரிஸ் ஆப்பராவில் ரஷ்யக் கச்சேரிகள், 1909இலிருந்து ரஷ்ய பாலே. இளைஞர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை'யை 1910இலும் 'வசந்தத்தின் சடங்கு' பாலேயை 1913இலும் பாரிஸ் மேடையேற்றியவர் அவர்தான். பிரெஞ்சுக்காரரான ராவெலிடம் 'தாஃப்னிஸும் க்ளோயேயும்' எழுதி வாங்கியவரும் அவரே. செய்ன் ஆற்றின் மேல் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அலெக்சாந்தர் பாலம்கூட ஒரு ரஷ்யச் சக்கரவர்த்தியின் பெயரைத் தாங்கியதுதான். அதற்கு 1896இல் அடிக்கல் நாட்டியவர் அவருடைய மகன் இரண்டாம் நிக்கோலாய். அரசியல் நட்பு, பணம், நாடுவிட்டு நாடு வந்த கலைஞர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் இந்த இசை உருவானது. அதனால் மேடையில் 'இது ரஷ்யம், இது பிரெஞ்சு' என்று கோடு கிழித்துக் கேட்க முயன்றால் பாதி சுவை போய்விடும் என்பது என் எண்ணம். யாரிடமிருந்து யார் எதை வாங்கினார்கள் என்று கவனித்துக் கேளுங்கள்.

எந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது

பாரிஸில் இதற்கு மூன்று அரங்குகளைப் பார்த்தால் போதும். வடகிழக்கே லா வில்லெத் பூங்காவில் இருக்கும் ஃபிலார்மோனி, 16ஆம் வட்டாரத்தில் ஆற்றோரம் இருக்கும் ரேடியோ ஃபிரான்ஸ் அரங்கம், மொந்தேன் அவென்யூவில் இருக்கும் ஷான்செலிசே அரங்கம். சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜூன், ஜூலை வரை ஓடும். ஆகஸ்டில் வருகிறவர்கள் ஏமாற வேண்டாம், அந்த மாதம் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் விடுமுறையில் இருக்கும்.

நிகழ்ச்சி விவரத்தில் பார்க்க வேண்டியது உருப்படிகளின் நீளம். முதல் முறைக்கு மூன்று உருப்படிகள் கொண்ட மாலை நல்லது: பத்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி நேரத்தில் தனி வாத்தியக்காரர் ஒருவர் முன்னால் வந்து வாசிக்கும் கான்செர்ட்டோ, இடைவேளைக்குப் பின் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் இறங்கும் பெரிய படைப்பு. ஷோஸ்தகோவிச்சின் 7ஆம் சிம்பனி மாதிரி ஒரே உருப்படி 70 நிமிடத்துக்கு மேல் போகும் மாலையை முதல் தடவையே எடுக்க வேண்டாம். மகத்தான படைப்புதான். இரண்டு மூன்று கச்சேரி கேட்ட பிறகு போனால் அதற்கு நியாயம் செய்ய முடியும்.

இந்தக் கட்டுரைக்கு மாதிரியாக ஒரு நிகழ்ச்சியை நானே அமைத்துக்கொள்கிறேன். டெபுஸியின் 'ஒரு வன தேவதையின் பிற்பகலுக்கு முன்னுரை', புரோகோஃபியெவின் 3ஆம் பியானோ கான்செர்ட்டோ, இடைவேளை, முஸோர்க்ஸ்கி எழுதி ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய 'கண்காட்சியில் ஓவியங்கள்'. மூன்றும் அடிக்கடி வாசிக்கப்படுபவை. மூன்றும் அப்படியே ஒரே மாலையில் அமையாவிட்டாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோ ஒரு சீசனில் எங்காவது கண்ணில் படும். பிரெஞ்சு விளம்பரத்தில் 'தாப்லோ துன் எக்ஸ்போசிசியோன்' என்று இருந்தால் அது கடைசியாகச் சொன்ன படைப்பு.

டிக்கெட்டும் இருக்கையும்

இணையத்தில் வாங்குவதே எளிது. இடங்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவான இடங்களின் விலை பல நிகழ்ச்சிகளில் சினிமா டிக்கெட்டைவிடப் பெரிய வித்தியாசமாக இருக்காது. இளைஞர்களுக்குச் சலுகை உண்டு, வயது வரம்பை மட்டும் அரங்கின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 'தீர்ந்துவிட்டது' என்று காட்டினாலும் கடைசி வாரத்தில் மறுபடி பாருங்கள். வர முடியாதவர்கள் திருப்பித் தரும் இடங்கள் ஒன்றிரண்டு விற்பனைக்கு வரும்.

ஃபிலார்மோனியில் எங்கே உட்காருவது என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. ஜான் நூவெல் வடிவமைத்து 2015 ஜனவரியில் திறந்த இந்த அரங்கில் மேடையைச் சுற்றி நான்கு பக்கமும் இருக்கைகள் உண்டு. சுமார் 2,400 பேர் உட்காரலாம், ஆனாலும் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டருக்கும் கடைசி இருக்கைக்கும் இடையே 32 மீட்டர்தான். ஆகவே மேலே, தூரத்தில் கிடைத்தாலும் வருத்தப்படத் தேவையில்லை. நேர் எதிரே முதல் மாடி மிகச் சிறந்தது, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மேடைக்குப் பின்புற இருக்கைகள் மலிவு. கண்டக்டரின் முகத்தையும் கைகளையும் நேருக்கு நேர் பார்க்கலாம், தாள வாத்தியக்காரர்கள் உங்கள் காலடியில் இருப்பார்கள். முஸோர்க்ஸ்கிக்கு அது பெரிய வரம். ஆனால் பியானோ கான்செர்ட்டோவுக்கு அங்கே உட்காராதீர்கள். பியானோவின் திறந்த மூடி ஒலியை முன்பக்கமாகத் தள்ளுகிறது, பின்னால் இருப்பவர்களுக்கு அது மங்கித்தான் கேட்கும். பியானோக்காரரின் விரல்களைப் பார்க்க ஆசை என்றால் மேடையைப் பார்த்தபடி இடதுபக்க இருக்கைகளை எடுங்கள். புரோகோஃபியெவ் கான்செர்ட்டோவில் விரல்களைப் பார்ப்பது ஒரு தனி இன்பம், அதற்காகவே நான் இடதுபக்கத்தைப் பரிந்துரைப்பேன்.

முந்தைய வாரம் செய்ய வேண்டியது

மூன்று உருப்படிகளையும் வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். புத்தகம் எதுவும் படிக்கத் தேவையில்லை. கர்நாடக இசைக் கச்சேரியில் தெரிந்த கீர்த்தனை வரும்போது ஒரு நிமிர்வு வரும் அல்லவா, அது இங்கேயும் வரும். முன்பின் தெரியாத முப்பது நிமிடத்தைவிட, ஒரு தடவை காதில் விழுந்த முப்பது நிமிடம் மிகவும் நெருக்கமாகத் தோன்றும்.

முஸோர்க்ஸ்கியை மட்டும் இரண்டு விதமாகக் கேளுங்கள். அவர் 1874இல் எழுதியது தனிப் பியானோவுக்கு. முதலில் பியானோவில் கேட்டுவிட்டு, அப்புறம் ராவெலின் 1922 வடிவத்தைக் கேளுங்கள். ஒரே சுரங்கள், ஆனால் பியானோவில் கறுப்பு வெள்ளையாக இருந்தது எங்கே எந்த நிறம் பெற்றது என்று தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் என்ன என்பதை இதைவிடச் சுலபமாக விளக்கும் வேறு பயிற்சியை நான் அறியேன். புரோகோஃபியெவுக்கும் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 1932இல் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவோடு அவரே இந்தக் கான்செர்ட்டோவை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஒலித்தரம் பழசு. இருந்தாலும் எழுதியவரின் விரல் வேகத்தைக் கேட்கலாம்.

அந்த மாலை

உடை பற்றிக் கவலை வேண்டாம். சிலர் கோட்டும் டையுமாக வருவார்கள், பக்கத்திலேயே ஜீன்ஸ் போட்ட மாணவர் இருப்பார். புடவையோ வேட்டியோ கட்டிக்கொண்டு போனாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. நடக்கும்போது சலசலக்கும் துணியும், கையை அசைத்தால் ஒலிக்கும் வளையல்களும் மட்டும் வேண்டாம். மெல்லிய இடங்களில் பத்து வரிசைக்குக் கேட்கும். குளிர்காலத்தில் பெரிய கோட்டை வைத்துவிட வெஸ்தியேர் இருக்கும்.

வார நாளில் கச்சேரிகள் பெரும்பாலும் இரவு 8 மணிக்கு. மெட்ரோ 5ஆம் தடத்தில் போபினி பக்கம் போகும் வண்டியில் ஏறி போர்த் தெ பான்தானில் இறங்குங்கள். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து வருகிறவர்களுக்குக் கார் து நோர் பக்கம்தான், அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தம். அங்கேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம், கச்சேரி முடிய 10 மணி ஆகிவிடும். அரங்கில் பை சோதனை உண்டு, நீண்ட படிக்கட்டும் உண்டு, உள்ளே வழி கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமும் எடுக்கும். 7.30க்கு வாசலில் இருங்கள். தாமதித்தால் ஓர் உருப்படி முடியும்வரை கதவு திறக்க மாட்டார்கள். டெபுஸி பத்தே நிமிடம், வெளியே நின்றால் அது போயே போச்சு.

இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் கடினமான இடங்களை வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கு மங்கும். முதல் வயலின்காரர் எழுந்து சைகை காட்ட, ஓபோ ஒரு நீண்ட சுரம் கொடுக்கும், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். நம் கச்சேரியில் தம்புரா கடைசிவரை கூடவே வரும். இங்கே சுருதி காட்டுவது அந்த ஒரு சுரத்தோடு முடிந்துவிடும். அப்புறம் கண்டக்டர் வருவார், கைதட்டல், அமைதி.

நமக்குக் கொஞ்சம் கடினமாக இருப்பது அந்த அமைதிதான். தொடையில் தாளம் போடுவது, 'ஆஹா' என்று வாய்விட்டுச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன ராகம்' என்று கேட்பது எதுவும் இங்கே வழக்கமில்லை. உதாசீனமாக நினைக்க வேண்டாம். மைக் இல்லாத அரங்கம் அது. தொண்ணூறு பேர் வாசிப்பதும் ஒற்றைப் புல்லாங்குழல் வாசிப்பதும் எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல் நேராக உங்கள் காதுக்கு வருகிறது. அதனால்தான் இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். தொண்டை கரகரத்தால் மிட்டாய் ஒன்றை முன்கூட்டியே உறை பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனை முழுதாக அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தாலும் கேட்கும்.

எப்போது கைதட்டுவது

முதல்முறை போகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓர் உருப்படி பல பகுதிகளாக இருக்கும். பகுதிகளுக்கு நடுவே இசை நிற்கும், கைதட்டல் வராது. உருப்படி முழுதும் முடிந்த பிறகுதான் தட்டுவார்கள். எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கண்டக்டரின் கைகள் உயரத்தில் நிற்கும்வரை இசை முடியவில்லை என்று அர்த்தம். கைகள் கீழே இறங்கி, அவர் திரும்பத் தொடங்கும்போது தட்டினால் தவறாது.

நம் மாதிரி நிகழ்ச்சியில் கை துடிக்கும் இடம் புரோகோஃபியெவின் முதல் பகுதியின் முடிவு. பிரமாதமாக முடியும், ஆனால் இன்னும் இரண்டு பகுதி பாக்கி. சைக்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பனிக்கு எப்போதாவது போனால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் பகுதி வெற்றி முழக்கத்தோடு முடிந்து அரங்கையே ஏமாற்றும். அதன்பின் வருகிற நான்காம் பகுதி மெல்ல மெல்ல அடங்கி ஒன்றுமில்லாமல் கரையும். 1893 அக்டோபர் கடைசியில் அதன் முதல் நிகழ்ச்சியை அவரே நடத்தினார், ஒன்பதே நாளில் இறந்துபோனார். அந்தக் கடைசி அமைதியைக் கைதட்டிக் கலைக்க அவசரப்படாதீர்கள்.

முதலில் டெபுஸி

மல்லார்மேயின் கவிதை ஒன்றிலிருந்து பிறந்தது இது. பாதி மனிதன், பாதி ஆடாக இருக்கும் ஒரு வன தேவதை வெயில் நேரத்தில் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவே கிடக்கிறது. கதை அவ்வளவுதான், அதற்குமேல் தேட வேண்டாம். 1894 டிசம்பரில் பாரிஸில் முதலில் வாசித்தபோது ரசிகர்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

துணை எதுவும் இல்லாமல் ஒற்றைப் புல்லாங்குழலோடு தொடங்கும். அந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதே மெட்டு பத்து நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அதன் அடியில் இருக்கும் சுரக்கூட்டம் மாறியிருக்கும். மெட்டை மாற்றாமல் சூழலை மாற்றுகிறார் டெபுஸி. மேடையைப் பாருங்கள்: ட்ரம்பெட் இல்லை, ட்ராம்போன் இல்லை, முரசும் இல்லை. கொம்புகள், இரண்டு ஹார்ப், கடைசியில் ஒலிக்கும் மிகச் சிறிய ஜால்ராக்கள். பெரிய ஒலிகளை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்தே ஓர் உலகம் செய்திருக்கிறார். 1912இல் இதே இசைக்கு நிஜின்ஸ்கி நடனம் அமைத்து ஆடினார், தியாகிலெவின் குழுவில்தான்.

புரோகோஃபியெவ்: இடதுபக்கம் உட்கார்ந்தவர்களுக்கு

ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வந்த புரோகோஃபியெவ், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளைக் கோத்து 1921 கோடையில் பிரான்ஸின் மேற்குக் கடலோரத்தில் இதை எழுதி முடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் அவரே முதலில் வாசித்தார், மறு ஆண்டு பாரிஸில் கண்டக்டர் கூஸெவிட்ஸ்கி நடத்த மறுபடி வாசித்தார். கூஸெவிட்ஸ்கியின் பெயரை நினைவில் வையுங்கள், இடைவேளைக்குப் பின் தேவைப்படும்.

கிளாரினெட் ஒன்று தனியாக, ரஷ்யக் கிராமப் பாட்டுச் சாயலில் தொடங்கும். இன்னொரு கிளாரினெட் சேர்ந்துகொள்ளும். 'இனி நிதானமாகப் போகும்போல' என்று நீங்கள் சாயும் நேரத்தில் வயலின்கள் ஓடத் தொடங்கி, பியானோ தாவிக் குதிக்கும். பிறகு காஸ்டனெட் சொடுக்குகளோடு கொஞ்சம் கிண்டலான ஒரு மெட்டு வரும். இரண்டாம் பகுதி ஒரு மெட்டும் அதன் ஐந்து மாறுபாடுகளும். நம் கச்சேரியில் ஒரே வரிக்குச் சங்கதிமேல் சங்கதி வைப்பார்களே, அந்த ரசனையோடு அணுகினால் இந்தப் பகுதி உடனே திறந்துகொள்ளும். ஒரு வித்தியாசம்: இங்கே ஒவ்வொரு சங்கதியும் முன்பே எழுதி முடிக்கப்பட்டது, மேடையில் பிறப்பதில்லை. மூன்றாம் பகுதி பசூனும் விரலால் மீட்டும் தந்திகளுமாகத் தொடங்கி, நடுவில் அகன்ற ஒரு பாட்டாக விரிந்து, பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் மல்லுக்கு நிற்பதோடு முடியும். முடிவுக்குச் சற்று முன்னால் பியானோக்காரரின் கைகளைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை ஒரே விரலால் அழுத்திக்கொண்டு மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு.

கைதட்டல் ஓயாவிட்டால் பியானோக்காரர் தனியாக ஒரு சிறு உருப்படி வாசிப்பார். அதற்குப் பெயர் 'பிஸ்'. எழுந்து ஓடிவிடாதீர்கள். சில மாலைகளில் அதுதான் மனதில் தங்கும்.

இடைவேளை

இருபது நிமிடம். ஒரு தண்ணீர் குடித்துவிட்டு மேடைப் பக்கம் வாருங்கள். பியானோவை அகற்றி நாற்காலிகளைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் குழாய் மணிகள், சாட்டை, கிறீச்சென்று சுழற்றும் மரச் சக்கரம் எல்லாம் அடுக்கியிருக்கும். அடுத்து வரும் ஒலிகள் எங்கிருந்து வருகின்றன என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஓவியங்கள்

இந்த மாலையின் மையம் இது, இங்கே நேரம் எடுத்துக்கொள்கிறேன். கட்டடக் கலைஞரும் ஓவியருமான விக்டர் ஹார்ட்மன் என்ற முஸோர்க்ஸ்கியின் நண்பர் 1873இல் திடீரென்று இறந்துபோனார். அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்த்த முஸோர்க்ஸ்கி சில வாரங்களில் இந்தப் பியானோ உருப்படியை எழுதி முடித்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1881இல் அவர் இறந்து, ஐந்து ஆண்டு கழித்து, ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்திய வடிவில் வெளிவந்தது. பாரிஸில் குடியேறியிருந்த கூஸெவிட்ஸ்கி ராவெலைக் கேட்டு ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் எழுதி வாங்கி, 1922 அக்டோபரில் பாரிஸ் ஆப்பராவில் நடத்தினார். ஹார்ட்மன் பிரான்ஸில் சில காலம் சுற்றியவர். பத்துப் படங்களில் மூன்று பிரெஞ்சு மண்ணைச் சேர்ந்தவை: துய்லெரி தோட்டத்தில் சண்டை போடும் குழந்தைகள், லிமோஜ் சந்தையில் வாயாடும் பெண்கள், பாரிஸ் நிலத்தடி எலும்புக் குகைகள். ஆக ஒரு ரஷ்யர் பாரிஸைப் பற்றி எழுத, ஒரு பாரிஸ்காரர் அதற்கு நிறம் கொடுத்திருக்கிறார். ரஷ்ய பிரெஞ்சு உறவு முழுதும் இந்த ஒரு படைப்புக்குள் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். மதியம் நேரம் கிடைத்தால் துய்லெரியில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். இன்றும் அங்கே குழந்தைகள் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ட்ரம்பெட் ஒன்று தனியாக வாசிக்கும் மெட்டோடு தொடங்கும். பெயர் 'உலாவல்'. படத்துக்குப் படம் நடந்து போகிற முஸோர்க்ஸ்கிதான் அது. கனத்த உடம்புக்காரர், ஐந்தும் ஆறுமாக மாறும் தாளத்தில் அவர் நடை கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்த மெட்டு நடுநடுவே திரும்பி வரும்போது அவர் மனநிலையைக் கவனியுங்கள்: ஒரு தடவை கொம்பில் மென்மையாக, இன்னொரு தடவை மரக்குழல்களில் தளர்ந்துபோய்.

படங்களில் தவறவிடக் கூடாதவை சில. 'பழைய கோட்டை'யில் பாடுவது ஆல்ட்டோ சாக்ஸபோன். சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவில் அது வழக்கமாக உட்காரும் வாத்தியம் இல்லை, இந்த ஒரு பாட்டுக்காகவே ஒருவரை வரவழைத்து உட்கார வைக்கிறார்கள். 'பிட்லோ' என்ற போலந்து மாட்டு வண்டிப் படத்தில் டியூபா தன் எல்லைக்கு மேலே ஏறிப் பாடும். அது அவ்வளவு கடினம் என்பதால் பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் சிறிய வாத்தியத்துக்கு மாறிக்கொள்வார்கள். வண்டி நெருங்கி வந்து, கடந்து, தூரத்தில் மறைவது ஒலி அளவிலேயே தெரியும். முட்டைக்குள் இருக்கும் கோழிக்குஞ்சுகளின் நடனம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட, கண் சிமிட்டாமல் கேளுங்கள். பணக்கார யூதரும் ஏழை யூதரும் பேசும் படத்தில் ஏழையின் குரல், வாயடைத்த ட்ரம்பெட்டில் நடுங்கி நடுங்கி வரும். ட்ரம்பெட்காரர்கள் அஞ்சும் பக்கம் அது.

லிமோஜ் சந்தை இரைச்சல் அப்படியே ஓடி வந்து நிலத்தடிக் குகையில் மோதி நிற்கும். பெரும்பாலும் பித்தளை வாத்தியங்கள், நீண்ட நீண்ட ஒலிகளாக. ஹார்ட்மன் தன்னையே விளக்கு வெளிச்சத்தில் அந்தக் குகைக்குள் நிற்பதாக வரைந்திருந்தார். அந்த இருட்டில் 'உலாவல்' மெட்டு மெலிந்து திரும்பி வரும். இதுவரை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது படத்துக்குள் போய், இறந்த நண்பனோடு நிற்கிறார். ஒவ்வொரு முறையும் என்னை உலுக்கும் இடம் இது. இந்தப் படைப்பில் ஒரே இடத்தைத்தான் கவனிக்க முடியும் என்றால் இதைக் கவனியுங்கள்.

பிறகு கோழிக்கால் குடிசையில் வாழும் பாபா யாகா என்ற சூனியக்காரி பறந்து வந்து நேராகக் 'கீவ் பெருவாயில்' மீது மோதுவாள். 1866இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலை முயற்சியிலிருந்து தப்பியதன் நினைவாக ஒரு வாயில் கட்டப் போட்டி வைத்தார்கள், ஹார்ட்மன் வரைந்த திட்டம் அதற்கானது. அந்த வாயில் கட்டப்படவே இல்லை. முஸோர்க்ஸ்கியும் ராவெலும் அதை ஒலியில் கட்டினார்கள். தேவாலயப் பாட்டு, மணியோசை, நடுவில் 'உலாவல்' மெட்டு மறுபடி. கடைசிச் சில நிமிடம் நாற்காலி அதிரும், பதிவில் அது கிடைப்பதில்லை.

முடிந்த பிறகு

இப்போது தாராளமாகத் தட்டுங்கள், 'பிராவோ' என்று சத்தமும் போடலாம். கண்டக்டர் பலமுறை வந்து போவார். ஒவ்வொரு தடவையும் தனித்து வாசித்தவர்களை ஒருவர் ஒருவராக எழுப்பி நிறுத்துவார்: ட்ரம்பெட், சாக்ஸபோன், டியூபா. யார் எதை வாசித்தார்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும், அவர்களுக்கென்று கைதட்டலைக் கூட்டுங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டால் இந்த நேரத்தில் எடுக்கலாம், இசை ஒலிக்கும்போது கூடாது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மெட்ரோவுக்குப் பாயும், பத்து நிமிடம் பொறுத்துக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போவதென்றால் இரவு நிகழ்ச்சி வேண்டாம், வார இறுதியில் குடும்பங்களுக்கென்றே சிறிய நிகழ்ச்சிகள் நடக்கும். டிக்கெட் வாங்க வசதி இல்லாத மாதங்களில் ஃபிரான்ஸ் ம்யூசிக் வானொலியில் கச்சேரிகள் ஒலிபரப்பாகும், பாரிஸில் 91.7இல் கேட்கலாம்.

அடுத்து எதைக் கேட்பது என்றால், டெபுஸி பிடித்தவர்கள் அவருடைய 'கடல்' பக்கம் போங்கள். கதை பிடித்தவர்களுக்கு ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஷெஹெரஸாத்', அதில் தனி வயலினும் ஹார்ப்பும் கதைசொல்லியாக வரும். ஒரே தாளம் கால் மணி நேரம் மாறாமல் சுழல்வதைத் தாங்க முடியும் என்றால் ராவெலின் 'பொலேரோ'. இவை மூன்றும் பழகிய பிறகு ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு'. 1913 மே 29 அன்று முதல் நிகழ்ச்சியில் ரசிகர்கள் கூச்சலிட்டுக் கலவரம் செய்த ஷான்செலிசே அரங்கம் மொந்தேன் அவென்யூவில் இன்றும் நடக்கிறது. அந்த அரங்கிலேயே அந்தப் படைப்பு அறிவிக்கப்பட்டால், எந்த இருக்கை கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள்.